ஒரே லயம், வேறு வேறு தோல்

அன்புள்ள கயல்விழிக்கு,

"ஒரே லயத்தில், ஒரே தண்ணீரில்தான் குளிக்கிறோம் அத்தை. தம்பி கையில் மட்டும் ஏன் இத்தனை மரு? சுத்தமில்லாதவன் என்று பள்ளியில் ஒதுக்குகிறார்கள்" என்று சின்னக்கானல் தோட்டக் குடியிருப்பிலிருந்து எழுதியிருந்தாய். அவனிடம் சொல்: மரு அழுக்கால் வருவதில்லை.

அதைத் தருவது எச்.பி.வி. என்னும் வைரஸ். அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சிறு கீறல் வழியே புகுந்து தோலின் மேலடுக்கில் குடியேறிவிடும். அங்கே ரத்தக் குழாய்கள் இல்லாததால், உடலின் காவல் செல்கள் அதைத் தாமதமாகத்தான் அறிகின்றன.

அறியும் திறனும் ஆளுக்கு ஆள் மாறும். செல்லுக்குள் புகுந்த வைரஸின் துணுக்கை வெளியே ஏந்திக் காட்டுபவை எச்.எல்.ஏ. புரதங்கள். பிரான்சின் ழான் தோசே 1958-இல் இவற்றில் முதலாவதைக் கண்டறிந்தார். 1980-இல் நோபல் பரிசு பெற்றார். இவற்றின் மரபணுக்களுக்கு ஆயிரக்கணக்கான வடிவங்கள் உண்டு. அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி, அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி வருகிறது. உடன்பிறந்த இருவருக்கு இரண்டும் ஒன்றாக அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான். உன் உடல் சட்டென்று காணும் துணுக்கை அவன் உடல் காணச் சற்று நாளாகலாம். வயதும் கீறலும்கூடக் காரணமாகலாம்.

அரிதாக, ஒரு மரபணுப் பழுதே தோலைத் திறந்துவிடுகிறது. 1922-இல் லெவாண்டோவ்ஸ்கி, லுட்ஸ் என்ற மருத்துவர்கள் இருவரும் விவரித்த நோயில், மற்றவர்களை வருத்தாத எச்.பி.வி. வகைகளே தேமல் போலவும் தட்டை மருவாகவும் உடலெங்கும் படர்கின்றன. வெயில் படும் இடங்களில் பின்னாளில் புற்றுநோயும் வரலாம். ஈவர்1, ஈவர்2 என்ற மரபணுக்களின் பழுது இதற்குக் காரணம் என 2002-இல் தெரிந்தது. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்நோய் தோன்றும். உறவுக்குள் மணந்தவர்களிடம் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுதல். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் மணமுடித்தவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. முறைமாப்பிள்ளை பேச்சு எழும்போது இதையும் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தம்பிக்கு இருப்பது சாதாரண மருவாகவே இருக்கலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே மறையும். பிளேடால் அறுக்க வேண்டாம், கிள்ள வேண்டாம். அவன் துவட்டும் துண்டு தனியாக இருக்கட்டும். மிகுதியாகப் பரவினாலோ ஆண்டுக்கணக்கில் நீடித்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாளை பள்ளியில் நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு நட, கயல். ஒதுக்குகிறவர்களுக்கு அதுவே முதல் பாடம்.

அன்புடன்,
அத்தை