மச்சான் தவணை கட்டவில்லை, கடிதம் உங்களுக்கு வருகிறது

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லீசிங்கில் முச்சக்கரவண்டி எடுப்பவர்கள் பிணைக்குத் தேடுவது மாதச் சம்பளக்காரரை: ஆசிரியர், தோட்ட அலுவலகக் கிளார்க், தபாலக ஊழியர். "சும்மா ஒரு கையெழுத்துதான் மச்சான்" என்றவர் கொழும்புக்குப் போய் போன் நம்பரையும் மாற்றிவிட்டால், நிறுவனத்துக்குக் கிடைக்கும் ஆள் நீங்கள்தான்.

"முதலில் அவனைப் பிடியுங்கள்" என்று சொல்லலாமா? இலங்கையில் செல்லுபடியாகும் உரோம-டச்சுச் சட்டம் பிணையாளிக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அச்சடித்த பிணைமுறி பெரும்பாலும் அதைப் பறித்துவிடும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு பந்தி அதில் இருக்கும். எனவே முறியின் பிரதியைக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கி, சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அறவீட்டு ஆட்கள் பாடசாலை வாசலுக்கே வந்து நின்றாலும் வாயால் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வண்டியைப் பறித்து விற்றிருந்தால் என்ன விலைக்கு விற்றார்கள், தண்ட வட்டி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். கொடுகடன் தகவல் பணியகத்தின் 'கிரிப்' அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக் கடனுக்கு இந்தப் பிணை குறுக்கே நிற்கலாம்.

நீதிமன்றக் கட்டளை வந்தால் அலுமாரியில் வைக்காதீர்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் கட்டளை, குறித்த நாளில் நீங்கள் போய்க் காரணம் காட்டாவிட்டால் அப்படியே உறுதியாகிவிடும். எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்குச் சத்தியக் கடதாசி தேவை.

கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வெறும் ரசீதோடு திரும்பி வராதீர்கள். பணம் கட்டும் முன்பே, கடன்காரர் மீதும் மற்றப் பிணையாளிகள் மீதும் நிறுவனத்துக்குள்ள உரிமைகளை உங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மச்சானிடமும் "இவ்வளவு தர வேண்டும்" என்று கையெழுத்து வாங்குங்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 ஆண்டு உண்டு, வாய்ப்பேச்சுக்கு 3 ஆண்டுதான். சிறிய தொகையென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும். சொந்தத்தில் மனக்கசப்பு வருமே என்பீர்கள். அது அவர் தவணையை நிறுத்திய அன்றே வந்துவிட்டது.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. முதல் கடிதம் வந்த வாரமே அங்கே போய்விடுங்கள்.