மூக்கா, வாயா? ஓடப் பழகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் விடியற்காலையிலேயே எங்கள் மைதானம் நிரம்பிவிடும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தாக வேண்டும். எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் இதில் தேறாதவன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். உடற்கல்வி ஆசிரியராக நான் வழக்கமாகக் கேட்டு வந்த புகார்கள் கெண்டைக்கால் பிடிப்பு, விலாக் குத்து, முழங்கால் வலி ஆகியவைதான். அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: “சார், ஓடும்போது மூக்கால மூச்சு விட முடியல. என்ன பண்றது?”

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்பதற்கு முன்பே அவர்கள் முடிவு எடுத்துவிட்டு வருவதுதான் எனக்குக் கவலை. ஒருவன் கைப்பேசியில் யாரோ சொன்னதை நம்பி வாயில் டேப் ஒட்டிக்கொண்டு ஓட வருகிறான். இன்னொருவனுக்கு அம்மா மெடிக்கல் ஷாப்பில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கித் தந்திருக்கிறார். மற்றொருவனின் அப்பா, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குணமாகிவிட்டது என்று மூக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். இந்தப் பிள்ளைகளின் மூக்கில் குறை இருக்கிறதா, இருந்தால் என்ன குறை என்று யாரும் பார்க்கவே இல்லை. ஊரில் பரவும் மோகமும் வீட்டு நெருக்கடியும் ஒரு பிள்ளையின் மூச்சைத் தீர்மானிக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

எந்த வேகத்தில் முடியவில்லை?

வழியைத் தேடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றுதான் நமக்குத் தேவை. அதற்கு மூக்கு தாராளமாகப் போதும். ஓடத் தொடங்கினால் மூக்கின் உட்சவ்வில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மூக்கு இன்னும் கொஞ்சம் திறந்துகொள்ளும். நாற்காலியில் இருக்கும்போது அடைத்திருந்த மூக்கு இரண்டு சுற்று ஓடியதும் விட்டுவிடுவது இதனால்தான். வேகம் ஏற ஏற, காற்றின் தேவை சராசரியாக நிமிடத்துக்கு 35 லிட்டர் அளவை எட்டும்போது, வாய் தானாகத் திறந்து மூக்கோடு சேர்ந்துகொள்ளும். ஆளுக்கு ஆள் இந்த அளவு கூடும், குறையும். முழு வேக ஓட்டத்திலோ தேவை 100 லிட்டரைத் தாண்டிப் போகும்.

ஆகவே நடையிலும் மெதுஓட்டத்திலும் மூக்கு நன்றாக இருந்து, வேகம் எடுக்கும்போது மட்டும் போதாமல் போகிறதென்றால் அது நோயே இல்லை. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்திலும் மூக்கு அடைக்கிறதென்றால் மூக்கைக் கவனிக்க வேண்டும். மூக்கில் தொந்தரவு இல்லாமல், ஓடி முடித்தபின் இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் வருகிறதென்றால் ஆஸ்துமாவா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும். அங்கே மூக்குக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பது வீண்.

வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். குளிர்ந்த எவர்சில்வர் தட்டை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விட்டால் இரண்டு ஈரத் திட்டுகள் படியும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். இரண்டு துளைகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்வது இயற்கை. காலை, மதியம், இரவு என்று சில நாள் பார்த்தும் ஒரே பக்கத் திட்டு எப்போதும் சிறிதாகவே இருந்தால்தான் மூக்குத் தண்டு வளைந்திருக்கலாம் என்று நினைக்க வேண்டும். அடுத்தது, கண்ணாடி முன் நின்று மூச்சை வேகமாக உறிஞ்சிப் பாருங்கள். மூக்கின் பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்கிறதா? அப்போது மூக்கை ஒட்டிய கன்னத்தில் இரண்டு விரல் வைத்து வெளிப்பக்கமாக இழுங்கள். சட்டென்று காற்று வழிவிட்டால், மூக்கின் மிகக் குறுகலான இடமான முன்வாசல் உறிஞ்சும்போது மடங்குகிறது என்று கொள்ளலாம்.

எல்லோருக்கும் தெரிந்த வழிகள்

தூசியாலும் சளியாலும் அடைக்கும் மூக்குக்கு உப்புநீர் ஸ்ப்ரே எளிய வழி, தினமும் பயன்படுத்தலாம். மூக்கைக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை மட்டுமே எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் கூடாது. கேரளத்தில் 2024இலும் 2025இலும் உயிர்களைப் பறித்த மூளைக் காய்ச்சலுக்குக் காரணமான அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.

கன்னத்தை இழுத்தால் மூச்சு சுலபமாகிறவர்களுக்கு மூக்கின் மேல் ஒட்டும் பட்டி உதவும். 1990களில் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் ஒட்டிக்கொண்டு ஆடியதால் அது பிரபலமானது. 2024இல் டூரினில் நடந்த ஏடிபி இறுதிப் போட்டியில் கார்லோஸ் அல்கராஸ் சளியோடு அதை ஒட்டிக்கொண்டு ஆடியதைப் பார்த்து நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். மூக்கு நன்றாக இருப்பவனின் ஓட்ட நேரத்தை அது குறைத்துவிடாது. எனக்கு அதில் பெரிய பற்று இல்லை. கெடுதலும் இல்லை, ஒட்டிப் பார்க்கலாம்.

மென்தால் குச்சியை உறிஞ்சினால் மூக்கு திறந்ததுபோல் இருக்கும். குளிர்ச்சியை உணரும் நரம்புகளை மென்தால் தூண்டுவதால் வரும் உணர்வு அது. உள்ளே அடைப்பு இருந்தபடியே இருக்கும்.

அலர்ஜியால் அடைக்கும் மூக்குக்கு மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் முறையான வழி. ‘ஸ்டீராய்டு’ என்ற பெயரைக் கேட்டதும் பெற்றோர் மிரள வேண்டாம். அளவோடு மூக்கில் அடிக்கும் இந்த ஸ்ப்ரேக்களை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவும் தடை செய்யவில்லை. ஆனால் முழுப் பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். இடது துளைக்கு வலது கையாலும் வலது துளைக்கு இடது கையாலும் பிடித்து, அந்தந்தப் பக்கக் கண்ணின் வெளிமூலையைப் பார்த்து அடிக்க வேண்டும். நடுத்தண்டில் படும்படி அடித்தால் ரத்தம் வரும், பையன் இரண்டே நாளில் நிறுத்திவிடுவான்.

சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அந்த உடனடிச் சுகம்தான் ஆபத்து. சில நாளைக்கு மேல் தொடர்ந்தால் மருந்து வேகம் தணிந்ததும் முன்னைவிட மோசமாக அடைக்கும், சொட்டு இல்லாமல் தூங்கவே முடியாத நிலை வரும். சளி மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், 16 வயது ருமேனிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆண்ட்ரியா ராடுகான், அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில் இருந்த சூடோஎபிட்ரினால் தங்கப் பதக்கத்தை இழந்தார். மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகிற பிள்ளைகள் எந்த மாத்திரையையும் பயிற்சியாளரைக் கேட்காமல் போடக் கூடாது.

தண்டு வளைவு, சதை வளர்ச்சி என்று காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்த்து உறுதி செய்தால் அறுவை சிகிச்சை நல்ல வழிதான். ஆனால் முகம் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், அவசரம் இல்லாவிட்டால், தண்டு அறுவையை மருத்துவர்களே பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். தேர்வுத் தேதியை மனதில் வைத்து மூக்கை அறுக்கக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாயைக் கட்டிக்கொண்டு ஓடுவது

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். “வாயைத் திறந்தாலே தப்பு, முழு ஓட்டத்தையும் மூக்காலேயே ஓட வேண்டும்” என்ற பேச்சு மைதானங்களில் பரவியிருக்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் சோவியத் மருத்துவர் கான்ஸ்டான்டின் புடேய்கோ, குறைவாகவும் மூக்கு வழியாகவும் சுவாசிக்கும் முறையை ஆஸ்துமாக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2020இல் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் நெஸ்டரின் சுவாசம் பற்றிய நூல் வந்தபின் தூங்கும்போது வாயில் டேப் ஒட்டும் பழக்கம் பரவியது. படுக்கைக்குச் சொன்னதைப் பிள்ளைகள் ஓடுகளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மூக்கின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காற்றை அது வடிகட்டுகிறது, சூடாக்குகிறது, ஈரப்படுத்துகிறது. மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளில் ஊறும் நைட்ரிக் ஆக்சைடு மூச்சோடு நுரையீரலுக்குப் போய் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. ஓடினால் இழுப்பு வரும் ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு மெதுஓட்டத்தில் மூக்கால் மூச்சு விடுவது உண்மையிலேயே நல்லது. ஆனால் இதெல்லாம் மூக்கால் முடிகிற வேகம் வரைக்கும்தான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுப் பாதையின் மொத்தத் தடையில் பாதிக்கு மேல் மூக்கில்தான் இருக்கிறது. முழு வேகத்தில் மூக்கை மட்டும் நம்புவது, கல்யாண மண்டபத்துக் கூட்டத்தை ஒற்றைக் கதவு வழியாக வெளியே அனுப்பப் பார்ப்பது போன்றது.

மூன்றாவது சுற்றில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வியர்வையில் டேப்பின் ஓரம் உப்பி எழும். மூக்கின் பக்கங்கள் ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே போய் ஒட்டும். தோள் காதுவரை ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், கை வீச்சு குறுகும். கால் இன்னும் ஓடத் தயாராக இருக்கும், மூச்சு விடாது. வளைவில் உள்கோட்டைத் தாண்டிப் புல்லில் இறங்கி, டேப்பைப் பிய்த்துப்போட்டு, முழங்காலில் கையூன்றி நிற்பான். “மூக்குல பிரச்சினை இருக்கு சார்” என்பான். மூக்கில் ஒன்றும் இல்லை தம்பி, உடம்பு கேட்ட காற்றை நீ கொடுக்கவில்லை. அதே பையன் அடுத்த நாள் டேப் இல்லாமல், வாயும் மூக்கும் சேர்த்து மூச்சு விட்டு, நாலு சுற்றும் சிரமமில்லாமல் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த முறையின் ஆதரவாளர்கள் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். மூக்கால் மட்டும் ஓடியபோதும் அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு குறையவில்லை என்று அது சொன்னது உண்மைதான். ஆனால் அதில் ஓடியவர்கள் பத்தே பேர். அவர்கள் ஆறு மாதத்துக்கும் மேலாக அந்த முறையையே விரும்பிப் பழகி வந்தவர்கள். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது டேப் வாங்கிய பையனுக்கு அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு. நான் 800 மீட்டர் ஓடியவன். கடைசி 200 மீட்டரில் வாயை மூடிக்கொண்டு கோட்டைத் தொட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. உலக சாம்பியன்களின் ஓட்டப் படங்களை எடுத்துப் பாருங்கள், வாய் திறந்தே இருக்கும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. டேப் ஒட்டியவன் தன் குறை மூக்கில் இருப்பதாக நம்பத் தொடங்கிவிடுகிறான். அந்த நம்பிக்கை அவனைச் சொட்டு மருந்துக்கும், அங்கிருந்து ஆபரேஷன் பேச்சுக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. உண்மைக் குறை பெரும்பாலும் ஒன்றுதான், அடித்தளம் இல்லாமல் வேகத்துக்குப் போவது. முதல் மாதம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டு ஓடு. அந்த வேகத்துக்கு மூக்குதான் நல்ல அளவுகோல். வாய் தானாகத் திறந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள், குறைத்துக்கொள். அதற்குப் பிறகு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் 400 மீட்டர் வேகச் சுற்றுகளைச் சேர். அன்று வாயும் மூக்கும் இரண்டும் உழைக்கட்டும், வெளிமூச்சை முழுதாக விடு. வாரங்கள் போகப் போக, மூக்கால் ஓடக்கூடிய வேகமே தானாக உயர்ந்திருக்கும். அதற்கு டேப்பும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

உடம்பின் இயல்பும் பொறுமையும்

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே உடம்பு கிடையாது. ஒருவனுக்கு நீண்ட தூரம் வரும், ஒருவனுக்குக் குறுகிய வேகம் வரும், ஒருவனுக்குத் தாண்டுவதுதான் வரும். காவலர் தேர்விலேயே நீளம் தாண்டுவதா உயரம் தாண்டுவதா, 100 மீட்டரா 400 மீட்டரா என்று தேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. அங்கே பக்கத்து வீட்டுப் பையன் எடுத்ததை உங்கள் பையனும் எடுக்க வேண்டியதில்லை. அவன் எதில் மலர்கிறான் என்று ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். 1,500 மீட்டரை மட்டும் யாரும் தவிர்க்க முடியாது, அதற்குத்தான் நேரம் வேண்டும். அறிவிப்பு வந்தபின் ஓடத் தொடங்குகிறவன் குறுக்கு வழி தேடத்தான் செய்வான். இன்று மெதுவாகத் தொடங்குகிறவனுக்கு அது தேவைப்படாது.

பிள்ளைகளே, மூக்கில் உண்மையாகவே குறை இருந்தால் மறைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். குறை இல்லையென்று தெரிந்தால் மூக்கை விட்டுவிட்டுக் காலையும் நெஞ்சையும் பழக்குங்கள். மூச்சு ஒரே வாரத்தில் வசப்படாது. விடாமல் தினமும் வந்து, தன் அளவறிந்து ஓடுகிறவனுக்கு வசப்படாமலும் போகாது. நாளைக் காலை வாருங்கள், முதல் சுற்றை மெதுவாகவே தொடங்குங்கள்.