கருமுட்டைக்கு விலை உண்டா?

கேள்வி: கருமுட்டை தானமும் ரத்ததானம் போலத்தானே? மனம் ஒப்பித் தருபவருக்குப் பணம் கொடுத்தால் என்ன தவறு?
– வாசகி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

பதில்: ரத்தம் கொடுத்தவர் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். கருமுட்டை விஷயம் அப்படியில்லை. வழக்கமாக மாதத்துக்கு ஒன்று முதிர்வதைப் பலவாக முதிர வைக்க ஏறக்குறையப் பத்து நாள் ஹார்மோன் ஊசி; நடுநடுவே ஸ்கேன். கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில், மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்திச் சினைப்பையிலிருந்து உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அரிதாக உயிருக்கே ஆபத்து.

நல்ல மருத்துவமனையில் ஆபத்து குறைவுதானே என்பார்கள். ஒரு தடவை என்றால் உண்மைதான். பணம் நுழைந்தால் ஒன்று பலவாகும். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தருபவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே தடவை. 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்குக் காப்பீடு உண்டு, விற்பனை கிடையாது. அது அமலுக்கு வந்த 2022இல்தான், உங்களுக்குத் தூரமில்லாத ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியிடம் பலமுறை முட்டை எடுத்த விவகாரம் வெடித்தது. ஆதாரில் வயதைக் கூட்டியிருந்தார்கள். கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருவர். 'மனம் ஒப்பி' என்ற உங்கள் சொல்லை அங்கே எங்கே வைப்பது? தடை போட்டால் மறைவில் நடக்கும் என்ற வாதமும் இங்கே நிற்கவில்லை. முட்டை எடுக்கப்பட்டது பெயர்ப்பலகை மாட்டிய தனியார் மருத்துவமனைகளில்.