பழுதைத் தேடும் முறை

பெங்களூரில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று. அதன் மொட்டைமாடியில் சூரிய நீர்சூடேற்றியும் வெந்நீர்த் தொட்டியும் உள்ளன. பகலில் கதிரவன் சூடாக்கிய நீர் இரவு முழுவதும் தொட்டியில் தங்கி, காலையில் குழாய்களின் வழியே வீடுகளை அடைகிறது.

தொட்டியிலிருந்து தரைத்தளத்துக் குளியலறை வரை குழாயின் நீளம் ஏறத்தாழ 30 மீட்டர். அதன் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் எனக் கொண்டால், அதற்குள் 9 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் நிற்கும். இரவில் அந்நீர் ஆறிவிடும். காலையில் குழாயைத் திறப்பவர் அரை வாளித் தண்ணீரையாவது வடியவிட்ட பின்னரே வெந்நீரைக் காண்பார். 2024ஆம் ஆண்டுக் கோடையில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்த நகரில் இது சிறிய இழப்பு அன்று.

இக்குறையைப் போக்கவே அங்குச் சுழற்சிப் பம்பு பொருத்தப்பட்டிருந்தது. தரைத்தளத்தை அடைந்த வெந்நீர்க் குழாய் அங்கேயே முடிந்துவிடாமல், மற்றொரு குழாயாக மேலேறித் தொட்டிக்குத் திரும்பியது. இதனைத் திரும்புகுழாய் என்பர். மொட்டைமாடியில் அத்திரும்புகுழாயோடு இணைந்த சிறு பம்பு, ஆறிய நீரைத் தொட்டிக்கு அனுப்பியது. அதன் இடத்திற்குச் சுடுநீர் இறங்கி வந்தது.

மார்கழி மாதத்தில் ஒரு நாள், தரைத்தளத்து வீட்டிற்கு வெந்நீர் உடனே வரவில்லை. மூட்டுவலியால் வருந்திய தாத்தா குளிரில் நடுங்கிக் காத்திருந்தார். நான்கு நாள்கள் இவ்வாறே கழிந்தன. “பம்பு கெட்டுவிட்டது; புதிதாக வாங்கிவிடலாம்” என்று குடியிருப்போர் முடிவு செய்தனர். எட்டாம் வகுப்பில் பயிலும் அவர் பேத்தி, “பம்பு ஓடுகிறதா என்று யாராவது பார்த்தீர்களா, மாமா?” என்று கேட்டாள். ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் பிளம்பர் வந்தார். அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்ததை அவள் தன் ஏட்டில் குறித்துக்கொண்டாள்.

1. மின்சாரம்: பம்பிற்கு மின்சாரம் வந்தது. மின்தடைக்குப் பின் நேரக்கருவி பின்தங்கியிருக்கலாம் என்று அதனையும் பார்த்தார். அது சரியான நேரத்தையே காட்டியது.

2. ஒலி: கடின நீரின் உப்பு படிந்தால் பம்பின் சுழலி இறுகி நின்றுவிடும். இங்கோ பம்பு சுழன்றது. ஆனால் அதனுள் “களகள” என்னும் ஒலி கேட்டது.

3. வால்வு: பம்பின் இருபுறமும் இருந்த வால்வுகள் திறந்தே இருந்தன.

4. வெப்பம்: பத்து நிமிடம் ஓடிய பிறகும் திரும்புகுழாய் குளிர்ந்தே இருந்தது. எனவே பம்பு சுழல்கிறது, நீர் நகரவில்லை.

பிளம்பர் சற்றே சிந்தித்து, “அண்மையில் இங்கு என்ன வேலை நடந்தது, அம்மா?” என்று வினவினார். “சென்ற வாரம் தொட்டியையும் குழாய்களையும் வடித்துக் கழுவினார்கள், அண்ணா” என்றாள் அவள்.

காரணம் விளங்கிவிட்டது. நீரை வடித்தபோது குழாய்க்குள் காற்று புகுந்தது. மீண்டும் நீர் நிரம்பியபோது, நீரைவிட இலேசான காற்று உயரமான இடத்தில் இருந்த பம்பிற்குள் சிக்கிக்கொண்டது. நீரைத் தள்ளுவதற்கென அமைந்த பம்பு, காற்று நிறைந்தபோது வெறுமனே சுழன்றது.

அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காற்றுப்போக்கித் திருகை மெல்லத் தளர்த்தினார். “உஸ்” என்று காற்று வெளியேறியது. பின்னர் நீர் கசிந்தது. திருகை இறுக்கிப் பம்பை ஓடவிட்டார். சிறிது நேரத்தில் திரும்புகுழாய் சூடேறியது.

“புதிய பம்பு வாங்கியிருந்தாலும் இந்தக் காற்றைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும்?” என்றாள் பேத்தி. “ஆம். அதுமட்டுமன்று. இவ்வகைப் பம்பின் உள்ளுறுப்புகள் உராயாமல் காப்பதே நீர்தான். நீரின்றி ஓடினால் புதியதும் விரைவில் கெட்டுவிடும்” என்றார் அவர்.

மறுநாள் காலையில் தாத்தா குழாயைத் திறந்தார். வெந்நீர் உடனே வந்தது.

எச்சரிக்கை: சூரிய நீர்சூடேற்றியின் நீர் 60 பாகை செல்சியசு வெப்பத்தையும் எட்டக்கூடும், தோலைச் சுட்டுவிடும். மின்சாரமும் சுடுநீரும் சேர்ந்த இடத்தில் சிறுவர் தனியே எதையும் தொடலாகாது.

சொற்பொருள்
உள்விட்டம் – குழாயின் உட்புற அகலம்
கடின நீர் – உப்பு மிகுந்த, சோப்பு எளிதில் நுரைக்காத நீர்
சுழலி – பம்பினுள் சுழலும் உறுப்பு
இலேசான – எடை குறைந்த

பயிற்சி
1. திரும்புகுழாய் இல்லாத வீட்டில் நீர் எவ்வாறு வீணாகிறது?
2. பம்பு சுழல்கிறது, நீர் நகரவில்லை என்பதைப் பிளம்பர் எவ்வாறு அறிந்தார்?
3. பிளம்பர் கேட்ட வினா ஏன் இன்றியமையாதது?
4. பிரித்து எழுதுக: வெந்நீர், மூட்டுவலி.
5. நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்னும் கருத்தமைந்த குறளைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் தேடி எழுதுக.
6. உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளின் காரணத்தைக் கண்டறிந்த முறையைப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.