மனவளர்ச்சியை அளக்கும் கோல்

முழக்கோல் துணியோடு பேசுவதில்லை. குழந்தையின் மனத்தை அளப்பவரோ வினாவியே அளத்தல் வேண்டும், இடர்ப்பாடு அங்கேதான். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து அறிஞர் பியாஜே, சம எண்ணிக்கையுள்ள இரு வரிசைச் சில்லுகளைச் சிறுவர்முன் வைத்து, "இரண்டும் சமமா?" என்பார். "சமம்" என்றபின் ஒரு வரிசையை அகலப் பரப்பி, மீட்டும் அதையே வினவுவார். இளஞ்சிறார் பலர் நீண்ட வரிசையே மிகுதி என்பர். எண்ணின் மாறாமையை அவர்கள் இன்னும் உணரவில்லை என்பது அவர் துணிபு.

1974-ஆம் ஆண்டில் மக்காரிகிள், மார்கரட் டொனால்ட்ஸன் என்னும் இருவர் ஒன்றை மட்டும் மாற்றினர். வரிசையைக் கலைத்தது குறும்புக் கரடிப்பொம்மை! 80 சிறுவருள் பழைய முறையில் 13 பேரும், கரடி கலைத்தபொழுது 50 பேரும் சரியாக விடையிறுத்தனர். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டு மறுபடி கேட்பாராயின், முன்சொன்ன விடை பிழைபோலும் என்று குழந்தை ஐயுறாதோ? வகுப்பறை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆயினும், கரடியிலேயே கண்வைத்த குழந்தை சில்லுகளை நோக்கியிராது என்று மறுப்போரும் உளர்.