பினாங்கு போறியா? மாடியைப் பாரு!

பினாங்குல இருக்கிற ஜார்ஜ் டவுனுக்குப் போறவங்க முதல் வேலையா ஆர்மீனியன் தெருவுக்கு ஓடுவாங்க. சுவத்துல சைக்கிள் ஓட்டுற ரெண்டு குழந்தைங்க படம், அதுக்கு முன்னால போட்டோ எடுக்க ஒரு கூட்டம். அது 2012-ல வரைஞ்சது. ஊரு பிறந்தது 1786-ல. ஒரு பார்வை பாத்துட்டு நகந்துடு. அங்க காத்து நிக்கிற நேரத்துல ரெண்டு தெரு நடந்துடலாம்.

காலையில ஏழரைக்கே கிளம்பு. பத்தரைக்கு மேல வெயில் வாட்டும், சாயங்காலம் மழை கொட்டினாலும் கொட்டும். குடையும் தோளை மூட துப்பட்டாவும் எடுத்துக்கோ. ஷூவுக்கு லேஸ் வேண்டாம். கோயில், பள்ளிவாசல்னு அடிக்கடி கழட்ட வேண்டியிருக்கும்.

மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையிலேர்ந்து ஆரம்பி. வடக்கே 1818-ல கட்டின செயின்ட் ஜார்ஜ் சர்ச், அடுத்து சீனர்களோட குவான் யின் கோயில், குயின் தெருப் பக்கம் மகாமாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி 1801-ல தமிழ் முஸ்லிம் வியாபாரி காதர் முகைதீன் தொடங்கின பள்ளிவாசல். எல்லாம் நடை தூரம்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் பள்ளிவாசல் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதே, தொழுகை நேரம்.

ஆனா இந்த ஊரோட உண்மையான அழகு கடைவீடுகள்லதான் இருக்கு. கீழே கடை, மேலே குடித்தனம். முன்பக்கம் குறுகலா இருக்கும், உள்ளே நீளமாப் போயிட்டே இருக்கும். அவ்வளவு நீளத்துக்கும் காத்தும் வெளிச்சமும் வரணும்ல? அதுக்குத்தான் நடுவுல நம்ம முற்றம் மாதிரி திறந்த வெளி. அதை உள்ளே போனாத்தான் பார்க்க முடியும். பழைய கடைவீட்டுல நடக்கிற காப்பிக்கடையா பாத்து உக்காரு. காசு செலவழிக்கலாம்னா லீத் தெருவுல சீன வியாபாரி சியோங் ஃபாட் சீயோட நீல மாளிகைக்கு டிக்கெட் வாங்கு, கூடவே வந்து விளக்கிச் சொல்லுவாங்க.

தெருவுல நிக்கும்போது கீழ்த்தளத்தை நம்பாதே. அங்க ஷட்டரும் போர்டும் மாறிட்டே இருக்கும். மாடிதான் பழசைக் காப்பாத்தி வெச்சிருக்கும்: சாய்வுப் பட்டை வெச்ச மர ஜன்னல், பூ வேலை, சில இடத்துல கட்டின வருஷம். கூ கோங்சி மாதிரி சீனர் குலக் கோயில்னா கூரை வரைக்கும் பாரு, உடைச்ச பீங்கான் துண்டுகளை ஒட்டியே பூவும் பறவையும் பண்ணியிருப்பாங்க.

நின்னு பாரு, நடந்துகிட்டே பார்க்காதே. கடை முன்னால இருக்கிற ஐந்தடிப் பாதை ஒரே மட்டமா இருக்காது. கடைக்குக் கடை படி ஏறும், இறங்கும். நடுவுல மோட்டார் சைக்கிள் நிக்கும், ஓரத்துல ஆழமான சாக்கடை.

இத்தனை கட்டடம் தப்பிச்சதுக்கு ஒரு பெரிய காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகையை ஏத்த முடியாததால இடிச்சுக் கட்ட யாரும் அவசரப்படலை. 2000-ல அந்தச் சட்டம் போச்சு. வாடகை ஏறினதும் பழைய குடித்தனக்காரங்க நிறைய பேர் காலி பண்ணிட்டாங்க. 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஊரு சேர்ந்தப்போ பல வீடு ஏற்கெனவே கை மாறியிருந்தது. அதனால இன்னும் கூடை பின்னுற, பெயர்ப்பலகை செதுக்குற கடை கண்ணுல பட்டா ஏதாவது வாங்கு. போட்டோவை அப்புறம் கேட்டு எடு.

பசிச்சா நாசி கண்டார் சோறு சாப்பிடு. ரெண்டு மூணு குழம்பைக் கலந்து ஊத்தச் சொல்லு. டிரைஷாங்கிற மூணு சக்கர சைக்கிள் வண்டியில ஏறினா வாடகையை முன்னாலேயே பேசிடு.

கடலுக்குள்ள மரத்தூண் மேல நிக்கிற சீனர் குலப் படகுத்துறைகளுக்குப் பகல்லயே போயிட்டு வந்துடு. இருட்டினப்புறம் வேண்டாம். அங்க இன்னும் குடும்பங்க வாழுது. கொடியில துணி காயுற வாசல் வந்தா கேமராவைப் பைக்குள்ள வெச்சிடு, தங்கச்சி.