பல் தந்தியடிக்கும் பாலை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாலைவனம் என்றதுமே நமக்கு நாக்கு வறண்டுவிடும். ஜனவரியில் லடாக்கின் லே நகருக்குப் போய்ப் பாருங்கள், பல் தந்தியடிக்கும். அதுவும் பாலைவனம்தான். அதைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: வெயில் கொளுத்தினால்தான் பாலைவனம்.

உண்மை: கணக்கு வெயிலில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாத நிலத்தைப் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். ஐப்பசி அடைமழையில் சென்னை ஒரே நாளில் வாங்கிக்கொள்ளும் அளவு! பருவக்காற்றை இமயமலை மறிப்பதால், மேகங்கள் தென்சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகின்றன. உலகின் மிகப்பெரிய பாலைவனம் எது தெரியுமா? அண்டார்க்டிகா.

நம்பிக்கை: மலையெல்லாம் பனி இருக்கையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்?

உண்மை: தண்ணீர் உண்டு, வேண்டிய நேரத்தில் வராது. பார்லி விதைத்து நீர் பாய்ச்ச வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். உச்சியிலுள்ள பனியாறு உருகி வாய்க்காலுக்கு வர ஜூன் ஆகிவிடும். குளிர்காலத்து ஓடைநீரோ வீணாகச் சிந்து நதிக்குப் போய்விடும். அந்த நீரைத் தேக்கி, ஊருக்கு மேலேயே உறையவைத்தார் பொறியாளர் சேவாங் நோர்பெல். 2013-இல் இன்னொரு பொறியாளரான சோனம் வாங்சுக் அதைக் கூம்பாக்கினார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர், மோட்டார் இல்லாமலே ஊருக்கருகில் பீய்ச்சியடிக்கும். இரவுக் குளிரில் விழும்போதே உறைந்து குவியும். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் சீக்கிரம் கரையாமல் விதைப்புக் காலம்வரை தாங்கும். இதற்குப் பெயர் பனி ஸ்தூபி.

நம்பிக்கை: வறண்ட ஊரில் மழை பெய்தால் நல்லதுதானே?

உண்மை: மண் சுவர், தட்டையான மண் கூரை என வீடுகளே மழை வராது என்று நம்பிக் கட்டப்பட்டவை. சரிவுகளில் மண்ணைப் பிடித்துவைக்க வேர்களும் இல்லை. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் லேவில் மேகம் வெடித்துக் கொட்டியபோது சேறும் பாறையும் ஊருக்குள் புகுந்து 200-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. ஆக, லடாக்கின் சேமிப்பு மழையல்ல, பனிதான். பூமி சூடாகச் சூடாக அந்தச் சேமிப்பு கரைகிறது.

நம்பிக்கை: அங்கே உயிரே இருக்காது.

உண்மை: பனிச்சிறுத்தை, நூப்ரா பள்ளத்தாக்கின் இரட்டைத் திமில் ஒட்டகம், சதுப்போரம் கூடு கட்டும் கருங்கழுத்துக் கொக்கு எல்லாம் உண்டு. ஆனால் குளிரில் செடி மெல்லத்தான் வளரும். புல்தரையில் ஜீப் பதித்த தடம் எளிதில் மறையாது.

நம்பிக்கை: தண்ணீர் ஊற்றாத கழிப்பறை நாகரிகமற்றது.

உண்மை: லடாக்கி வீட்டில் மாடியில் ஒரு சிறு அறை; தரையில் ஒரு துளை; பக்கத்தில் மண்குவியலும் மண்வாரியும். போனவர் ஒரு வாரி மண்ணைத் தள்ளிவிட்டு வருவார். கீழே மக்கியது வசந்தத்தில் வயலுக்கு உரமாகும். ஒரு சொட்டு நீர் செலவில்லை. குழாய் உறையும் குளிரிலும் இது நிற்காது. சுற்றுலா விடுதிகளின் ஃபிளஷ் கழிப்பறைக்கோ ஆழ்துளைக் கிணறு வேண்டும். கழிவு இறங்குவதும் அதே நிலத்தடிக்குத்தான்.

அடுத்த கோடையில் லே போகிறவர்கள் அந்த மண்வாரியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஒரு வாரி மண் போட்டுவிட்டு வாருங்கள்.